போனவர் கொண்டுபோனது என்ன?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. எழுதியவர்களின் தொழில்கள் வேறு வேறு. ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆயினும் ஐவரும் கேட்டிருப்பது ஏறத்தாழ ஒன்றைத்தான்: ஓர் ஆலைக்குள்ளோ சங்கத்துக்குள்ளோ பட்டறைக்குள்ளோ அறிவு எப்படி வந்து சேருகிறது, எப்படி வெளியேறுகிறது, அதனால் தொழில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அது. ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ரப்பர் கையுறை செய்யும் சிறிய ஆலை ஒன்றை நடத்திவருகிறேன். பதினான்கு ஆண்டுகளாக எங்கள் பால் கலவைப் பிரிவைக் கவனித்துவந்தவர், கேரளத்தில் உள்ள வேறோர் ஆலைக்குப் போய்விட்டார். கலவையின் அளவுகள் அனைத்தும் எங்கள் நோட்டில் உள்ளன. அதே மருந்து, அதே எடை, அதே சூடு. இருந்தும் ஊசித்துளை விழுந்து கழிக்கப்படும் கையுறைகள் கூடிவிட்டன. அவர் மீது வழக்குத் தொடரலாமா? இனிமேல் சேருபவர்களிடம், விலகிய பிறகு மூன்று ஆண்டுகளுக்குப் போட்டி ஆலையில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமா?
(ஆலை உரிமையாளர், குலசேகரம்)

பதில்: சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அவ்வாறு தடுக்கும் அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் வேறிடத்தில் பணிபுரியக் கூடாது என்ற நிபந்தனையை 1967-இல் டயர் நூல் ஆலை ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலையை விட்ட பிறகும் நீளும் தடையை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. எனவே அந்த மூன்று ஆண்டு நிபந்தனையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கினாலும் பயன் மிகக் குறைவு. உங்கள் கலவை நோட்டையோ வாடிக்கையாளர் பட்டியலையோ ஒருவர் எடுத்துச் சென்றிருந்தால் அது வேறு செய்தி. வணிக இரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இந்நாட்டில் இதுவரை இல்லையெனினும், இரகசியம் காப்பதாக அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையை வைத்து நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்கள் கடிதத்தின்படி அவர் அப்படி எதையும் எடுத்துச் செல்லவில்லை. நோட்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

என்னை யோசிக்க வைத்தது அந்த நோட்டுதான். அளவுகள் உள்ளே இருக்கின்றன, தரம் வெளியே போய்விட்டது என்றால், தரத்தைத் தந்தது அளவுகள் அல்ல என்று பொருள். லேட்டக்ஸ் என்னும் ரப்பர் பால், சிமெண்டைப் போலவோ வார்னிஷைப் போலவோ ஆண்டு முழுவதும் ஒரே தன்மையில் இருக்கும் பொருள் அன்று என்பதை ரப்பர் மரத்தடியில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலையுதிர்வு முடிந்து தளிர்க்கும் காலத்தில் வெட்டிய பாலும் அடைமழைக்காலப் பாலும் ஒன்றல்ல. சுழற்றிச் செறிவாக்கி அறுபது சதவீத ரப்பராக டிரம்மில் வந்த பின்னும், அமோனியாவின் அளவு, டிரம் நின்ற நாட்கள், அன்றைய வெயில் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் கலவை எத்தனை மணி நேரம் முதிர வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. நோட்டில் ஒரு மணிக்கணக்குதான் எழுதப்பட்டிருக்கும். உங்கள் ஆள் அந்தக் கணக்கை நாள்தோறும் கூட்டியும் குறைத்தும் வந்திருப்பார். அதை அவர் மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அது சொல்லத் தக்க ஒன்று என்பதே அவருக்குத் தோன்றியிராது.

கலவை முதிர்ந்ததைக் கண்டறியக் குளோரோஃபார்ம் சோதனை என்று ஒன்று உண்டு. சம அளவு லேட்டக்ஸையும் குளோரோஃபார்மையும் சேர்த்துக் கலக்கி, திரளும் கட்டியின் தன்மையைப் பார்த்து ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் இட வேண்டும். ஒட்டும் பிசினாகத் திரண்டால் ஒன்று, ஒட்டாமல் உதிரி உதிரியாக விழுந்தால் நான்கு. எழுதினால் இவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கும் கட்டியை விரலிடையில் நசுக்கி, ‘இன்னும் ஒரு மணி நேரம் விடு’ என்று சொல்லும் தீர்ப்பு எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. ஹங்கேரியில் பிறந்து, வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலானி, நம்மால் சொல்ல முடிவதைக் காட்டிலும் நமக்குத் தெரிந்திருப்பது அதிகம் என்று 1960-களில் வாதிட்டது இத்தகைய அறிவைப் பற்றியே.

ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 1980-களில் வீட்டிலேயே ரொட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்க முயன்றபோது இதே சுவரில்தான் முட்டிக்கொண்டது. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்-ரே எடுத்து ஒப்பிட்டும் அவர்களுக்குக் குறை புலப்படவில்லை. கடைசியில் அந்த அணியைச் சேர்ந்த இக்குகோ தனாக்கா என்ற மென்பொருள் பொறியாளர், ஒசாகாவில் ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஓட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். மாவை அவர் இழுத்து விடுவதோடு நிற்காமல் முறுக்கியும் விடுகிறார் என்பதைத் தம் கையால் செய்துதான் கண்டுகொண்டார். அந்த முறுக்கலுக்கு ஏற்றபடி இயந்திரத்தின் உட்புறத்தை மாற்றினார்கள். 1987-இல் அது விற்பனைக்கு வந்தது. பொறியாளரை ரொட்டிக்காரரிடம் அனுப்ப ஒப்பிய மேலதிகாரியைத்தான் இக்கதையில் நான் அதிகம் மெச்சுகிறேன். நம் ஊரில் பட்டப்படிப்பு முடித்தவரை மேஸ்திரிக்குக் கையாளாக நிற்கச் சொன்னால் அவர் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும்.

ஆகவே உங்கள் இழப்பு, அவர் போன நாளில் நேர்ந்தது அன்று. பதினான்கு ஆண்டுகளாக அவர் பக்கத்தில் இரண்டாவது ஆள் ஒருவரை நிறுத்தாமல் இருந்ததில் நேர்ந்தது. இனிக் கலவைப் பிரிவில் எப்போதும் இருவர் இருக்கட்டும். இருவரும் தனித்தனியே கட்டிக்கு மதிப்பெண் இட்டு, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நோட்டில் அளவுகளோடு டிரம் எண், அமோனியா, முதிர விட்ட நேரம், அன்றைய கழிவு ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். வழக்கத்திலிருந்து விலகிய நாட்களில் ஏன் விலகினார்கள் என்பதை ஒரு வரியில் எழுதினால் அதுவே பெரிய சொத்து. கேட்கும் முறையும் முக்கியம். ‘நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் எந்த வேலைக்காரரும் ‘வழக்கம்போல்தான்’ என்பார். ‘செவ்வாய்க்கிழமை ஏன் இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டீர்கள்?’ என்று கேட்டால் விடை வரும்.

போனவரோடு பகை வளர்க்காதீர்கள். அமெரிக்காவின் அரைக்கடத்தி நிறுவனங்களின் காப்புரிமைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஆள் போய்ச் சேர்ந்த நிறுவனம் மட்டுமன்றி, ஆளை இழந்த நிறுவனமும் அதன் பிறகு மற்றதன் அறிவை அதிகமாகப் பயன்படுத்தத் தொடங்குவதைக் கண்டிருக்கிறார்கள். பழைய நட்பு ஒரு வாய்க்காலாக நின்று, அங்கிருந்தும் நீரை இங்கே கொண்டுவருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மதிய உணவுக்கு அழையுங்கள்; வழக்கறிஞரைவிடச் செலவு குறைவு.

கேள்வி: எங்கள் கடற்கரையில் படகு உரிமையாளர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு ஒன்று நடத்துகிறோம். இருநூறுக்கு மேற்பட்டோர் இருந்தும் தொழிலுக்கு உதவும் பேச்சு எதுவும் வருவதில்லை. அறிவைப் பகிர்ந்துகொள்ள இது ஏற்ற வழிதானா?
(விசைப்படகு உரிமையாளர், தூத்தூர்)

பதில்: தகவலுக்கு ஏற்ற வழி; அறிவுக்கு அவ்வளவாக அன்று. வட கேரளக் கடற்கரையில் 1997-க்குப் பிறகு கைப்பேசி வந்தபோது நேர்ந்ததைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். எந்தக் கரையில் மத்திக்கு என்ன விலை என்பதைக் கடலில் இருந்தபடியே கேட்டறிய முடிந்ததால், வாங்க ஆளின்றிக் கரையில் கொட்டப்பட்ட மீன் ஏறத்தாழ இல்லாமலாயிற்று. மீனவரின் ஆதாயம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கான விலையும் 4 சதவீதம் குறைந்தது. விலை என்பது ஓர் எண். அது தொலைபேசியில் முழுமையாகப் போய்ச் சேரும். ஆனால் சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த நீரோட்டமும் காற்றுக் குறியும் அப்படிப் போய்ச் சேராது. அது ஒரே படகில் உடன் போனவருக்கே கிடைக்கும். மேலும், மீன் கிடக்கும் இடத்தை இருநூறு பேருக்கு யார்தான் சொல்வார்கள்? குழுவை விலைக்கும் வானிலைக்கும் இயந்திர உதிரிப் பாகங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமல் போனதை உங்கள் கடற்கரை மறக்காது. கரையிலிருந்து வெகுதூரம் சென்ற பின் கைப்பேசிக் குழுவால் பயன் இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தேனீ வளர்ப்போர் குழுவினர் இரண்டு ஆண்டுகளில் ஆறு பயிற்சிகளுக்குச் சென்று வந்தோம். சான்றிதழ்கள் சுவரில் தொங்குகின்றன. விளைச்சலில் மாற்றம் இல்லை. பயிற்சி தருபவர்களின் குறையா, எங்கள் குறையா?
(குழுச் செயலாளர், மார்த்தாண்டம்)

பதில்: இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இருவர் 1990-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மேலாண்மை படிப்பவர்கள் அனைவரும் இன்று அதைக் கடந்துதான் போகிறார்கள். வெளியிலிருந்து வரும் அறிவின் மதிப்பை உணர்ந்து, உள்வாங்கி, பயன்படுத்தும் திறன் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அத்துறையில் அதற்கு முன்பே உள்ளே சேர்ந்திருக்கும் அறிவைப் பொறுத்தே அத்திறன் அமைகிறது என்பது அவர்கள் கருத்து. நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குச் செய்யும் செலவு புதியன கண்டுபிடிக்க மட்டும் அன்று, பிறர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ளவும்தான் என்றும் அவர்கள் காட்டினார்கள். உழுத நிலத்தில் விழுந்த மழைக்கும் பாறையில் விழுந்த மழைக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உங்கள் ஊரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமச் சீரமைப்பு மையத்தை நடத்தியபோது, பெட்டியில் தேனீ வளர்க்கும் முறை இப்பகுதிக்குள் பரவியது. வெளியிலிருந்து வந்த அறிவுதான். ஆனால் மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் தேன் எடுத்துப் பழகிய மக்களிடையே வந்தது. அடையைப் பார்த்தால் ராணி இருக்கிறதா என்று சொல்லத் தெரிந்தவருக்குச் மரச்சட்டம் வைத்த பெட்டி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. பின்னர் ரப்பர் பரவியபோது, பூவில் அன்றி இளந்தளிரின் காம்பில் சுரக்கும் மதுவை நம்பி, தை, மாசி மாதங்களில் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகும் முறையை வளர்த்தெடுத்தவர்கள் உங்கள் முன்னோரே. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் வந்து பெரும்பாலான கூடுகள் அழிந்தபோது, தப்பிப் பிழைத்த கூடுகளைப் பிரித்துப் பெருக்கியே தொழில் மீண்டது. கூடு பிரிக்கும் கை பலரிடம் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

உங்கள் குழுவில் பயிற்சிக்குப் போனவர்கள் யார் என்று நீங்கள் எழுதவில்லை. பெட்டியைத் தினமும் திறப்பவர் தோட்டத்தில் இருக்க, நேரம் உள்ளவர் பயிற்சிக்குப் போய் வந்திருந்தால் (குழுக்களில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது), வந்த அறிவு சான்றிதழோடு நின்றுவிடும். ஏழாவது பயிற்சிக்கு முன்பு ஒன்று செய்யுங்கள். பத்துப் பெட்டிகளைத் தனியே ஒதுக்கி, ஆறு பயிற்சிகளிலும் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து, உதாரணமாகக் கூடு பிரிக்கும் காலத்தை மாற்றி, ஒரு பருவம் முழுவதும் நடத்திப் பாருங்கள். பலிக்கவில்லையென்றாலும் அடுத்த பயிற்சியில் உங்களிடம் கேள்விகள் இருக்கும்.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். தன் அறிவை வெளியே கொடுக்கும் நிறுவனம் நட்டப்படாதா? ‘திறந்த புதுமையாக்கம்’ என்று பேராசிரியர்கள் சொல்வதை நம்பலாமா?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய, இஸ்ரோ எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியில் இக்கேள்விக்கு இரண்டு விடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன.

முதலாவது விகாஸ் என்னும் ராக்கெட் எஞ்சின். 1974-இல் இஸ்ரோ பிரெஞ்சு நிறுவனம் ஒன்றோடு ஓர் உடன்பாடு செய்தது. அவர்களுடைய வைக்கிங் எஞ்சினின் தொழில்நுட்பத்தைப் பெறுவதற்கு ஈடாக, நம் பொறியாளர்கள் மொத்தம் நூறு மனித ஆண்டுகள் அவர்களுக்காகப் பணியாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. உழைப்பும் மூளையும் வெளியே போயின. போனவர்கள் வரைபடத்தோடு மட்டுமன்றி, எஞ்சின் ஏன் அப்படி இருக்கிறது என்ற அறிவோடும் திரும்பினார்கள். அப்பணியில் முன்னின்ற நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்தவர். 1985-இல் சோதிக்கப்பட்ட விகாஸ், இன்றும் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. கனரக ஏவூர்தியான எல்.வி.எம்.3-இல் இரண்டு விகாஸ்கள் சேர்ந்து எரிகின்றன.

இரண்டாவது, கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின். ரஷ்யாவிடமிருந்து எஞ்சினையும் தொழில்நுட்பத்தையும் பெற உடன்பாடு இருந்தது. அமெரிக்காவின் அழுத்தத்தால் 1993-இல் தொழில்நுட்பம் நின்றுபோய், செய்து முடித்த எஞ்சின்கள் மட்டும் வந்தன. பெட்டியில் வந்த எஞ்சின் பறந்தது. ஆனால் அதைப் போல ஒன்றை நாமே செய்து வெற்றிகரமாகப் பறக்கவிட 2014 ஜனவரி 5 வரை, இடையில் 2010-இல் ஒரு தோல்வியையும் தாங்கிக்கொண்டு, உழைக்க வேண்டியிருந்தது. அந்தத் துறையிலேயே வளர்ந்து, 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான வி. நாராயணனும் உங்கள் மாவட்டத்துக்காரர்தான், மேலக்காட்டுவிளை. பொருள் வருவதும் அறிவு வருவதும் ஒன்றல்ல என்பதை இந்த இரண்டு எஞ்சின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்கலாம்.

திறந்த புதுமையாக்கம் என்ற சொல்லை 2003-இல் பரவச் செய்தவர் ஹென்றி செஸ்ப்ரோ. தனக்கு வேண்டியதை வெளியிலிருந்து எடுப்பதும், தன்னிடம் பயன்படாமல் கிடப்பதை வெளியே விடுவதும் இரண்டும் தொழிலுக்கு நல்லது என்பது அவர் வாதம். பாதிதான் உடன்படுகிறேன். வெளியே விடுவதற்கும் விலை பேசத் தெரிய வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வகம் 1973-இலேயே, சாளரங்களும் மவுசும் கொண்ட ஆல்டோ என்ற கணினியைச் செய்து வைத்திருந்தது. 1979-இல் ஆப்பிள் நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். அதற்கு ஈடாக ஆப்பிள் பங்குகளில் பத்து லட்சம் டாலர் முதலிட ஜெராக்ஸுக்கு இடம் கிடைத்ததே தவிர, கணினித் தொழில் பிறர் கைக்குப் போயிற்று. இதைத் திருட்டு என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வகத்தில் இருந்ததன் மதிப்பை நகலெடுக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த தலைமையகம் உணரவில்லை. கலிபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகாத அறிவு, வாசலைத் தாண்டி அடுத்த நிறுவனத்துக்குப் போய்விட்டது. வெளிக்கதவைப் பூட்டியிருந்தால் அது யாருக்கும் பயன்படாமல் கிடந்திருக்கும்.

கேள்வி: கல் சிற்பப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் தொழில் கற்றவர்களில் ஏழு பேர் இதே ஊரில் தனிப் பட்டறை போட்டுவிட்டார்கள். சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடலாமா என்று நினைக்கிறேன்.
(சிற்பி, மயிலாடி)

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சிலை செய்ய வேண்டும் என்று தொலைவிலிருந்து வருபவர் மயிலாடிக்கு ஏன் வருகிறார்? உங்கள் ஒரு பட்டறைக்காக வருபவர் சிலர் இருப்பர். தெருவெங்கும் உளிச்சத்தம் கேட்கும் ஊர் என்பதற்காக வருபவரே மிகுதி. ஒரே தொழில் ஓரிடத்தில் திரண்டால் அதன் நுட்பங்கள் மறைபொருளாக இல்லாமல் காற்றிலேயே கலந்துவிடுகின்றன, பிள்ளைகள் அறியாமலே கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் எழுதினார். கல் அறுக்கும் இயந்திரக்காரர், உளி தீட்டுபவர், லாரிக்காரர் ஆகியோர் எல்லாரும் உங்கள் ஊரில் கிடைப்பது பட்டறைகள் பல இருப்பதால்தானே? நீங்கள் கற்பிப்பதை நிறுத்தினால் அந்த ஏழு பேரும் நிறுத்தப் போவதில்லை. நல்ல பையன்கள் அவர்களிடம் போவார்கள், அவ்வளவே.

ஒன்றை மட்டும் அறிய விரும்புகிறேன். கோயில் வேலையாகப் பெரிய ஆர்டர் வந்து, நாள் குறைவாக இருக்கும்போது, அந்த ஏழு பேரில் எத்தனை பேர் நீங்கள் கூப்பிட்டால் உளியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்? கடிதத்தில் அதை எழுதவில்லை. அடுத்த முறை எழுதுங்கள்.